தம்பி தண்ணிக்குள்ள நிக்கறான்

"ம்மா, தம்பி தண்ணிக்குள்ள நிக்கறான்."

போன சித்திரையில் என் 9 வயது மகள் சொன்னது இது. குரலில் பதற்றமே இல்லை. வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் அண்ணன் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. "சரி, வெளிய வரச் சொல்லு" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தையும் எடுத்துவிட்டேன். அதன் காம்பைக் கிள்ளும்போதுதான் எனக்குள் கேள்வி வந்தது: எந்தத் தண்ணி? அந்தத் தோட்டத்தில் 6 வயதுப் பையன் நிற்கிற ஆழத்தில் எங்கேயும் தண்ணீர் கிடையாது.

பையன் பிழைத்துவிட்டான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை வைத்திருக்கிறவர்கள் யாரும் நெஞ்சு படபடக்க இதைப் படிக்க வேண்டாம். ஆனால் ஒரு வருடமாக அந்த வாக்கியம் என்னை விடவில்லை. முக்கியமாக அந்த "நிக்கறான்". கண்ணெதிரே மூழ்கிக்கொண்டிருந்தவன் அவள் கண்ணுக்கு நிற்பதுபோலத் தெரிந்திருக்கிறான். அவள் விவரமான பிள்ளை. ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்ப்பாள், சாப்பிடும் முன் சொல்லாமலே கை கழுவுவாள், கேஸ் வாடை வந்தால் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். எல்லாம் நாங்கள் சொல்லிக்கொடுத்துப் பழக்கமானவை. தண்ணீரைப் பற்றி நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் போகாதே.

சிவப்பு மையில் ஒரு வரி

என் ஜாதக நோட்டில் சிவப்பு மையில் ஒரு வரி உண்டு: 12 வயது வரை ஜல கண்டம். எங்கள் பக்கம் பாதிக் குழந்தைகளின் நோட்டில் இந்த வரி இருக்கும். ஈரோட்டை ஒட்டிக் காலிங்கராயன் வாய்க்கால் பாய்கிற பகுதி எங்களுடையது. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய அந்த வாய்க்கால் பவானியில் தொடங்கி 56 மைல் ஓடி நொய்யலில் சேர்கிறது. அதற்கு அந்தப் பக்கம் காவிரி. இந்தப் பக்கம் மேட்டில் ஏறினால் தோட்டத்துக்கு ஒரு கிணறு, 50 அடி, 60 அடி. பாதிக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. அப்படி ஒரு ஊரில் எந்தக் குழந்தைக்குத்தான் தண்ணீரில் கண்டம் இல்லை?

அம்மாவுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள். 5 வயதில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து போய்ச் சேர்ந்தவள். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. ஆடிப் பதினெட்டுக்குப் பவானிக் கூடுதுறைக்குப் போகிறபோதெல்லாம் அம்மா அவள் பெயரைச் சொல்லி ஒரு கை பூவைத் தண்ணீரில் விடுவார். அதனால் அம்மாவின் பயத்தை நான் ஒருநாளும் மூடநம்பிக்கை என்று தள்ளியதில்லை. இப்போதும் தள்ளவில்லை. அந்தச் சிவப்பு வரியை எழுதிய ஜோசியரைவிட அம்மாவுக்குத் தண்ணீரை நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்த வரி எனக்கு ஒரு மாதிரியும் அண்ணனுக்கு ஒரு மாதிரியும் வேலை செய்தது. அவன் நோட்டிலும் கண்டம் இருந்தது. இருந்தும் அவனை 7 வயதில் மாமன் கிணற்றில் இறக்கிவிட்டார். நன்றாகக் காய்ந்த சுரைப்புருடை, அதாவது சுரைக்காய்க் கூடு, இரண்டை முதுகில் வைத்துக் கட்டி, இடுப்பில் ஒரு கயிறும் கட்டி, கயிற்றின் மறுமுனையைப் படியில் உட்கார்ந்து மாமன் பிடித்திருப்பார். நாலைந்து நாளில் ஒரு புருடையைக் கழற்றினார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் கயிறு. கடைசியில் ஒருநாள் அண்ணன் மோட்டார் ரூம் திட்டிலிருந்து தொப்பென்று குதித்தான். நான் கிணற்று மேட்டில் அவன் சட்டையையும் துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு?" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை.

இப்போது யோசித்தால், அண்ணன் அந்தக் கிணற்றில் கற்றது நீச்சல் மட்டும் இல்லை. ஃபுட்வால்வுக் குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது, எந்தக் கல்லில் பாசி பிடித்திருக்கிறது, எந்தக் கல்லைப் பிடித்தால் ஏறலாம், கீழே ஆள் இருக்கிறார்களா என்று கூவிக் கேட்காமல் குதிக்கக் கூடாது, மேலே ஒரு ஆள் இல்லாமல் ஒருத்தனும் இறங்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் பாடமாக நடத்தவில்லை. ஐந்தாறு பையன்களும் ஒரு மாமனும் ஒரு கிணறும் சேர்ந்த இடத்தில் தானாக வந்தது. அந்தக் கிணறு இப்போது வறண்டு கிடக்கிறது. பக்கத்துத் தோட்டங்களிலும் அப்படித்தான். 800 அடி, 1000 அடி என்று போர் போட்டுப் போட்டுத் தண்ணீர் கீழே போய்விட்டது. கிணற்றுக்குள் வேலிக்காத்தான் முளைத்து, அதில் பாலித்தீன் பைகள் மாட்டிக்கொண்டு ஆடுகின்றன. கிணறு போனதோடு அந்தப் பள்ளிக்கூடமும் போனது. அதே நேரத்தில் புதுப்புதுத் தண்ணீர் வந்துவிட்டது. ஷீட் போட்ட பண்ணைக்குட்டை, கைவிட்ட கல்குவாரிப் பள்ளம், வீட்டுக்கு வீடு சம்ப், விடுமுறைக்குப் போகிற ரிசார்ட்டின் நீலக் குளம். இவற்றை எப்படிக் கையாள்வது என்று சொல்லித்தர ஒரு மாமனும் இல்லை.

கறுப்பு ஷீட்

குலதெய்வம் கோயிலில் கெடா வெட்டி, மறுநாள் அண்ணன் தோட்டத்தில் விருந்து. பெரியவர்களே 40 பேருக்குக் குறையாது. சாளையிலிருந்து நாற்பது எட்டு எடுத்து வைத்தால் குட்டை. 60 அடிக்கு 60 அடி, நடுவில் ஆழம் 10 அடி. மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் போர் ஓடி அதில் தண்ணீர் நிரம்பும், அப்புறம் அதிலிருந்து சொட்டுநீருக்குப் போகும். தண்ணீர் மண்ணில் இறங்கிவிடாமல் இருக்கக் கரை விளிம்புவரை கறுப்பு ஷீட் விரித்திருந்தார்கள். மூன்று பக்கம் முள்வேலி. நாலாவது பக்கம் ஒரு தகரப் படல். அன்று பாத்திரம் கழுவத் தண்ணீர் மொள்ளப் போன யாரோ படலைச் சாத்தாமல் வந்துவிட்டார்கள். அது யார் என்று இன்றுவரை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நானாகக்கூட இருந்திருக்கலாம். நானும் இரண்டு முறை போய்வந்தேன்.

நான் எழுந்து பார்த்தபோது மகள் படலுக்கு வெளியே, நாங்கள் எப்போதும் சொல்லிவைத்திருந்த தூரத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவளைத் தாண்டித் தண்ணீரில் ஒரு சிவப்புச் சட்டை. பையன் கரையிலிருந்து ஐந்தடி உள்ளே இருந்தான். உடம்பு நேர்செங்குத்தாக இருந்தது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்திருந்தது. முன்முடி முழுக்க நெற்றியில் ஒட்டிக் கண்ணை மறைத்திருந்தது, அதை ஒதுக்க அவன் கை வரவில்லை. கைகள் இரண்டும் தண்ணீருக்கு அடியில் பக்கவாட்டில் அமுங்கி அமுங்கி எழுந்தன, கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுகிறவன்போல. சத்தம் என்று எதுவும் இல்லை. சாளையில் கறி கொதிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது, அவனிடமிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

நான் ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது ஓடும்போது நினைவிலேயே இல்லை. ஷீட்டில் கால் வைத்ததும் வழுக்கியது. பாசி படிந்த பாலித்தீன், எண்ணெய் தடவிய தட்டுப்போல. பின்னால் வந்த அண்ணி என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுக்காவிட்டால் நானும் உள்ளே போயிருப்பேன். அந்த நேரத்துக்குள் சிவப்புச் சட்டை தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அண்ணன் ஓடிவந்தவன் அப்படியே குதிக்கத்தான் போனான். சின்ன அத்தைதான் "நில்றா!" என்று போட்ட சத்தத்தில் அவன் ஒரு கணம் நின்றான். அத்தை அத்தனை ஆம்பளைகள் முன்னால் கட்டியிருந்த சேலையை உருவி, ஒரு முனையை அவன் இடுப்பில் முடிந்தார். அவர் கை நடுங்கவே இல்லை. இன்னொரு முனையை நாங்கள் நாலைந்து பேர் பிடித்துக்கொண்டோம். அண்ணன் சரிவில் சறுக்கி இறங்கி, முங்கி, பையனைச் சட்டையோடு பிடித்து மேலே தூக்கினான். அதன்பிறகு என்னால் மறக்க முடியாத ஒன்றைப் பார்த்தேன். 7 வயதில் கிணற்றில் நீச்சல் பழகி, வெள்ளம் வந்த காவிரியில் எதிர்க்கரைக்குப் போய்வந்த என் அண்ணனால் அந்தக் குட்டையிலிருந்து தானாக ஏறிவர முடியவில்லை. ஒரு கையில் பிள்ளை. மறு கையால் ஷீட்டைப் பிறாண்டுகிறான், முழங்காலால் உந்துகிறான், சரிந்து சரிந்து தண்ணீருக்கே போகிறான். அந்தச் சேலை இல்லாவிட்டால் அன்று இரண்டு பேர்.

இழுத்துப் போட்டோம். உதடு நீலமாக இருந்தது. இரண்டு மூன்று நொடி ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் இருமினான். தண்ணீரும் சோறும் வெளியே வந்தன. அழுதான். அந்த அழுகையைப்போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. அதற்குள் பெரியவர் ஒருவர், "தூக்கித் தலைமேல கவுத்துச் சுத்துங்கடா, தண்ணி எல்லாம் வெளிய வந்துரும்" என்று கையை நீட்டிவிட்டார். அண்ணியின் தம்பி மனைவி செவிலியர். அவர் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, "வேண்டாமுங் மாமா, மூச்சு வருதுங், அப்படியே உடுங்" என்றார். பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரச் சட்டையைக் கழற்றித் துண்டால் சுற்றி, மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுவிட்டான், நன்றாகத்தான் இருக்கிறான் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவர் கேட்கவில்லை. நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறும் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். ஒரு ராத்திரி வைத்திருந்து பார்த்து அனுப்பினார்கள்.

எவ்வளவு நேரம் பார்த்தேன்?

அன்று ராத்திரி அம்மா என் மகளை மடியில் போட்டுக்கொண்டு, "பாத்தியா சாமி, இதுக்குத்தான் சொல்றது. இனி தண்ணி இருக்கற தெசைக்கே போகக் கூடாது. உன்ற நோட்டுலயும் அதேதான் எழுதியிருக்குது" என்றார். மகள் தலையை ஆட்டினாள். விளக்கை அணைத்த பிறகு, தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்த நேரத்தில், இருட்டில் கேட்டாள்: "ம்மா, நான் அவனப் பாத்துட்டேதான் இருந்தேன். நிக்கறான்னுதான் நெனச்சேன். நான் எவ்வளவு நேரம் பாத்தேன்?"

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். பதில் சொல்ல முடியவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியது அந்தக் கேள்வியில்தான். அவள் நாங்கள் சொன்னதை மீறவில்லை. அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறாள். பக்கத்தில் போகாதே என்றோம், போகவில்லை. சொன்ன தூரத்தில் நின்று, ஒரு குழந்தை மூழ்குவதை, அது மூழ்குவது என்று தெரியாமலே பார்த்திருக்கிறாள். அந்தப் பாரம் 9 வயதுக் குழந்தையின் தலையில் ஏறக் காரணம் நாங்கள். கத்தாமல், கையை ஆட்டாமல் ஒருத்தர் மூழ்குவார் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? எனக்கே தெரியாதே. சினிமாவில் ஆற்றில் விழுந்தவர்கள் எல்லாம் கையை உயர்த்திக் காப்பாத்துங்க காப்பாத்துங்க என்று கத்துகிறார்கள். நாற்பது வருடமாக நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர். மூழ்குகிறவர்கள் நிஜத்தில் எப்படி இருக்கிறார்கள் என்பதை 1970 வாக்கிலேயே படம் பிடித்து எழுதிவைத்திருக்கிறார். அவர் சொல்வதைப் படிக்கப் படிக்க, அந்தக் குட்டையில் நான் கண்டதை யாரோ எனக்குத் திருப்பிச் சொல்வதுபோல இருந்தது. வாய் தண்ணீருக்கு மேல் வருகிற நேரம் மூச்சை வெளியே விட்டு உள்ளே இழுக்கவே பத்தாது. பேச்சும் கூச்சலும் அதே மூச்சில்தான் பிறக்க வேண்டும், அதற்கு மிச்சம் இல்லை. கைகள் வாயை மேலே தூக்கத் தண்ணீரைத் தானாகக் கீழே அமுக்கிக்கொண்டிருக்கும். நினைத்தாலும் அவற்றை உயர்த்தி ஆட்ட முடியாது. உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. இப்படி 20 நொடியிலிருந்து 60 நொடி. அதற்குமேல் உள்ளே போய்விடும். அதாவது, பார்க்கிறவர் கண்ணுக்கு ஆள் நிற்பதுபோலத்தான் இருக்கும். மகள் தப்பாகப் பார்க்கவில்லை. கண்ணில் பட்டதைச் சரியாகச் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

இதை அவளிடம் சொன்னேன். குட்டையைப் பற்றி மறுபடி பேசலாமா கூடாதா என்று ஒரு வாரம் தயங்கிவிட்டுத்தான் சொன்னேன். கட்டிலில் நிற்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, கையைப் பக்கவாட்டில் அமுக்கிக் காட்டினேன். அவள் கண் விரிந்தது. "ஆமாம்மா, இப்படித்தான் இருந்தான்" என்றாள். தண்ணீரில் யாராவது சத்தமே இல்லாமல் இருந்தால் "என்ன, நல்லாருக்கியா?" என்று கேட்க வேண்டும், பதில் வரவில்லை என்றால் உடனே பெரியவர்களைக் கத்திக் கூப்பிட வேண்டும் என்றேன். தண்ணீரில் விளையாடுகிற குழந்தைகள் சத்தம் போடும். சத்தம் நின்றால்தான் பார்க்க வேண்டும். அவள் இதை இரண்டு நாளில் தன் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

40 பேர் இருந்தும் எப்படி ஒருத்தர் கண்ணிலும் படவில்லை என்பதும் என்னை அரித்தது. யோசித்துப் பார்த்தால், 40 பேர் இருந்ததால்தான். அம்மா பார்ப்பாள் என்று சித்தி நினைக்கிறாள், சித்தி பார்ப்பாள் என்று அத்தை. இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். சிவப்புத் துண்டு ஒன்று இருக்கிறது. அது யார் தோளில் கிடக்கிறதோ அவருக்கு அந்தக் கால் மணி நேரம் வேறு வேலை இல்லை. போன் இல்லை, பேச்சு இல்லை, பிள்ளைகளை மட்டும் பார்க்க வேண்டும். கால் மணி ஆனதும் அடுத்தவர் தோளில் துண்டைப் போட்டு, "இனி நீங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். முதலில் மாமாக்களுக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது அவர்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

கூப்பிடு, நீட்டு, வீசு

உலகச் சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் 2021-இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறது. ஏறக்குறைய கால்வாசிப் பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 35,000 பேருக்கு மேல். இந்த எண்களைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அதே நிறுவனம் சொல்கிற வழிகள்தான். எல்லாம் எளியவை. தண்ணீருக்கும் குழந்தைக்கும் நடுவில் தடுப்பு வை. பள்ளி போகாத வயதுக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இடம் ஏற்படுத்து. 6 வயதுக்கு மேல் நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் சொல்லிக்கொடு. அக்கம்பக்கத்தாருக்கு மூச்சுக்கொடுக்கப் பழக்கு. பங்களாதேஷில் இதைக் கிராமம் கிராமமாகச் செய்திருக்கிறார்கள். ஊர்க்குளத்துக்குள்ளேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, அதற்குள் நின்று குழந்தைகள் நீந்தப் பழகுகிறார்கள். படத்தில் பார்த்தபோது எனக்கு மாமனும் அந்தக் கயிறும்தான் நினைவுக்கு வந்தன. நம்மிடம் இருந்தது எவ்வளவு நல்ல பழக்கம். ஆண்பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளாமல் எல்லாருக்கும் கொடுத்திருக்கலாம்.

மகளை 21 நாள் கோடை வகுப்பில் சேர்த்தேன். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "இவ்வளவு நடந்தும் தண்ணிக்கே கொண்டுபோய் உடறயே" என்று அண்ணியிடம் சொல்லி அழுதாராம். நான் வாதம் செய்யவில்லை. கோச்சிடம் முதல் நாளே ஒன்று கேட்டுக்கொண்டேன்: வேகமாக நீந்தச் சொல்லித்தருவதற்கு முன்னால் மல்லாந்து மிதக்கச் சொல்லிக்கொடுங்கள். அவரும் அப்படித்தான் தொடங்குவாராம். காதுவரை தண்ணீருக்குள் விட்டு, முகவாயை மேலே தூக்கி, வயிற்றை உயர்த்தி, கைகளை விரித்துக் கிடப்பது. பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். ஆனால் காதுக்குள் தண்ணீர் போகும்போது தலையைத் தூக்காமல் இருக்க மகளுக்கு ஏழு நாள் ஆயிற்று. கோச்சின் இரண்டு விரல் மட்டும் அவள் பிடரியில் இருந்தது. ஒன்பதாவது நாள் அந்த விரல்களும் விலகின. அவளுக்குத் தெரியவில்லை. மேலே தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய, எண்ணிக்கொண்டே கிடந்தாள். கடைசி வாரம் சுடிதாரோடு இறங்கச் சொன்னார். தவறி விழுகிறவர்கள் யாரும் நீச்சல் உடையில் விழுவதில்லையே. ஈரத் துணி எவ்வளவு கனக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அங்கேதான் மூன்று வார்த்தைகளை மனப்பாடம் செய்தாள். கூப்பிடு, நீட்டு, வீசு. நான்காவதாகக் கோச் எப்போதும் சேர்த்துச் சொல்வார்: குதிக்காதே. பெரியவர்களைக் கூப்பிடு, 108-ஐக் கூப்பிடச் சொல். கம்போ துப்பட்டாவோ கையில் கிடைத்ததைத் தரையில் படுத்துக்கொண்டு நீட்டு. எட்டவில்லை என்றால் மூடிய காலிக் கேனோ குடமோ மிதக்கிற எதையாவது வீசு. நீ மட்டும் உள்ளே போகாதே. நீரில் போன ஒருவரைத் தூக்கக் குதித்து, அடுத்தடுத்து மூன்று பேர் போன செய்தியை எத்தனை முறை பேப்பரில் படித்திருக்கிறோம். இதற்கு நேர்மாறாக நடந்ததும் நம் ஊரில் உண்டு. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய இளைஞர்களில் இரண்டு பேரை மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலைகளை வீசிக் காப்பாற்றினார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. இதைச் சின்ன அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப வேற என்ன பண்றது, சேலையப் பாத்தா உசுரு போயிருமே" என்றார், அவ்வளவுதான்.

பெரியவர்களான நாங்களும் ஒன்று பழகினோம். அந்தச் செவிலியரே ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையணையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மூழ்கியவருக்கு மூச்சு இல்லையென்றால் முதலில் வேண்டியது காற்று. தலையை மெதுவாகப் பின்னால் சாய்த்து, முகவாயைத் தூக்கி, 5 முறை ஊத வேண்டும். அப்புறம் மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்கிற வேகம். தலையில் வைத்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டவே வேண்டாம், வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடும். உப்புக் குவியலில் புதைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, அதைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. உப்பு தேடுகிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குக் காற்று இல்லாத நிமிடம் என்றார். செய்துகாட்டும் பயிற்சி எங்கே நடந்தாலும் நேரில் ஒருமுறை போய்வாருங்கள். தலையணையில்கூட நான் முதலில் தப்பாகத்தான் அழுத்தினேன்.

வீட்டில் சம்ப் மூடிக்குக் கொண்டி போட்டு, குளியலறை அண்டாவை ராத்திரியே கவிழ்த்து வைக்கிறோம். தவழுகிற குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீரே அதிகம்.

குட்டைக்கு அண்ணன் முதல் வேலையாக நாலாவது பக்கமும் கம்பிவேலி போட்டு, படலை எடுத்துவிட்டுப் பூட்டுகிற கதவு வைத்தான். அப்புறம் நாலு கரையிலும் கல்தூண் நட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் தேர்வடம் கனத்துக்கு ஒரு கயிற்றைத் தண்ணீர்வரை தொங்கவிட்டான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முடிச்சு. கயிற்றின் ஓரமாகப் பழைய லாரி டயர்களை ஒன்றோடொன்று கட்டிச் சரிவில் இறக்கினான். எந்தப் பக்கம் விழுந்தாலும் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. முடிந்ததும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவனே நாலு பக்கமும் இறங்கி ஏறிப் பார்த்தான்.

போன மாதம் மகளோடு தோட்டத்துக்குப் போயிருந்தோம். சாயங்காலம் அம்மாவைக் காணோம் என்று தேடினேன். குட்டைக் கதவு திறந்திருந்தது. பகீரென்றது, ஓடினேன். அம்மா கிழக்குக் கரையில், கல்தூணை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தோளில் சிவப்புத் துண்டு. வெயிலில் கயிறு இற்றுப்போகுமாம். வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லியும் அவன் மறந்துவிடுகிறானாம். முடிச்சுகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்த என் மகள் எண்ணிக்கொண்டிருந்தாள். "ஆறு… ஏழு… அமுச்சி, ஏழாவது லூசா இருக்குது, இன்னொருக்கா இழுங்க."